பதில்: கடித்தால் சுரீர் வலி, ஆனால் எக்ஸ்ரே நார்மல்
வணக்கம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சுரீர் என்கிறது, அதுவும் கடித்ததை விடும் நொடியில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'விடும் நொடி'தான் தடயம். பல்லில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த விரிசல் பெரும்பாலும் முன்பின்னாக ஓடும். எக்ஸ்ரேயைப் பக்கவாட்டில் எடுப்பதால் படத்தில் விழாது. ஆகவே 'நார்மல்' என்ற சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள். பல்லின் ஒவ்வொரு முகட்டிலும் தனித்தனியாகச் சின்ன பிளாஸ்டிக் துண்டை வைத்துக் கடிக்கச் சொல்லும் சோதனை உண்டு. எந்த முகட்டில் வலிக்கிறதோ அங்கேதான் ஆள் ஒளிந்திருப்பார். பக்கத்திலிருந்து விளக்கடித்தால் வெளிச்சம் விரிசலோடு நின்றுவிடும். பழைய ஃபில்லிங் இருந்தால் கழற்றிப் பார்க்க வேண்டியும் வரலாம்.

குளிர்ச்சி பட்ட வலி சில நொடியில் அடங்குகிறதா? அப்படியானால் நரம்பு பிழைக்க வாய்ப்பு அதிகம், பல்லுக்கு மேல் கேப் (உறை) போட்டாலே போதுமானதாக இருக்கலாம். அரை நிமிடம் தாண்டி நீடித்தாலோ, இரவில் தானாகத் துடித்தாலோ வேர் சிகிச்சைப் பேச்சு வரும். 'பிடுங்கிவிடலாமா' என்று கேட்டிருக்கிறீர்களே, அவசரப்படாதீர்கள்! மருத்துவரைப் பார்க்கும்வரை மறுபக்கம் மெல்லுங்கள்.