அச்சுக்கலை அறிமுகச் சிறுநூல்: வடிவமைப்பும் கட்டுமானமும் — கேள்வி பதில்

பள்ளி மாணவர்களுக்காக அச்சு பற்றி 46 பக்க நூல் செய்கிறேன். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் எத்தனை தாள் வேண்டும்?

46 பக்கம் வராது. மடித்த தாள் ஒன்றுக்கு 4 பக்கம். ஆகவே 44 அல்லது 48. 48 என்றால் 12 தாள், அட்டை தனி. கணினியைத் தொடும் முன் வெற்றுத் தாளை மடித்து டம்மி (மாதிரிப் புத்தகம்) செய்து பக்க எண்களைக் கையால் எழுதுங்கள். வெளித்தாளின் ஒரு முகத்தில் 48, 1. மறுமுகத்தில் 2, 47 என்று அமையும். டம்மி செய்யாமல் பக்கம் கோக்காதீர்கள்.

நல்ல தாள்தான் வாங்கினேன். ஆனால் புத்தகம் விறைத்துக்கொண்டு நிற்கிறது. ஏன்?

தாளில் குறையில்லை, இழையின் திசைதான் தவறு. அச்சகங்களில் இதை கிரெயின் என்பார்கள். புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இழை ஓட வேண்டும். கடையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் ஓடுகிறது. அதை ஏ5 ஆக மடித்தால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழும். பக்கம் படியாது, மடிப்பும் வெடிக்கும். பசை தடவினால் இன்னும் மோசம்: ஈரத்தில் தாள் இழைக்குக் குறுக்காகத்தான் விரியும், முதுகோரம் அலையலையாகச் சுருங்கும்.

தாளை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்த வளைவு எளிதாக வருகிறதோ, அந்த வளைவின் கோட்டுக்கு இணையாக இழை ஓடுகிறது. நீளவாக்கில் இழை ஓடும் ஏ3 தாளை வாங்கிப் பாதியாக வெட்டினால், உங்களுக்குத் தேவையான ஏ4 கிடைத்துவிடும்.

முதல் தமிழ் அச்சு நூலைக் குறிப்பிடலாமா?

கட்டாயம். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 16 பக்கம். 1554இல் லிஸ்பனில் வந்த தமிழ் நூல் ரோமன் எழுத்தில் அச்சானது, இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

நூல் தையல் காலாவதியாகிவிட்டது, பசை பைண்டிங்கே போதும் என்கிறார் நண்பர். சரியா?

(இன்னொருவர்) பசை பைண்டிங் எல்லாமே உதிரும். அதை ஏன் பரிந்துரைக்கிறார்கள்?

இருவருமே எல்லை மீறுகிறீர்கள். பெர்ஃபெக்ட் பைண்டிங் எனப்படும் பசை பைண்டிங்கில் மடிப்பைச் சீவிவிடுவதால், ஒவ்வொரு தாளையும் விளிம்புப் பசை மட்டுமே பிடித்திருக்கிறது. உருக்கித் தடவும் சூடான பசை நாளடைவில் இறுகி வெடித்தால் தாள் கழன்று விழும். பியுஆர் (பாலியூரித்தேன்) பசை நெகிழ்வானது, நெடுங்காலம் தாங்கும். ஆகவே எல்லாமே உதிரும் என்பது தவறு. தையல் காலாவதி என்பதும் தவறு: மடிப்புக்குள் ஓடும் நூல் தாளையே பிடித்திருப்பதால் புத்தகம் விரித்த இடத்தில் படுத்துக் கிடக்கும். பல அகராதிகளை இன்றும் தைக்கிறார்களே!

ஆனால் 48 பக்கத்துக்கு இந்தச் சண்டையே வேண்டாம். நடுமடிப்பில் ஐந்து துளையிட்டு மெழுகு பூசிய நூலால் தையுங்கள். நடுத்துளையில் தொடங்கி நடுத்துளையிலேயே முடிச்சிடுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், துருப் பிடித்துத் தாளை அரிக்கும்.

ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல நிறமுறை) படம் போதுமா?

அச்சின் நான்கு மை நிறமுறையான சிஎம்ஒய்கே ஆக மாற்றிப் பாருங்கள், படத்தின் நுணுக்கம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும். எழுத்து தனிக் கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும்.

என் புத்தகமும் விறைக்கிறது. தாளை மாற்றட்டுமா?

இரண்டாம் பதிலைப் படியுங்கள். இழை, இழை, இழை!

உள்பக்கங்களின் வெளி ஓரம் மட்டும் குறுகிவிட்டது. வெட்டியவர் தவறா?

இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த தாள்களில் உள்ளவை வெளியே துருத்தும்; வெட்டும்போது அவற்றின் ஓரம் குறையும். பக்க எண்ணை விளிம்பிலிருந்து 10 மிமீயாவது தள்ளி வையுங்கள். எவ்வளவு துருத்துகிறது என்பதை டம்மியிலேயே அளந்துவிடலாம்.