பிரின்ஸ் எட்வேர்ட் தீவில் படிப்பும் வேலையும்: மாஸ்டரிடம் கேட்டவை

பதில் சொல்ல நான் யார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2009-இல் கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள இந்த மாகாணத் தீவுக்கு வந்தேன். முதல் இரண்டு சீசன் சிங்கறால் பக்டரியில் ஓடு உடைத்தேன். அதன்பிறகு, பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காமல் விட்ட பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் கணிதம் படிப்பிக்கிறேன். ‘மாஸ்டர்’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டியது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து ஒரு தம்பி): மாஸ்டர், தீவில் படித்த ஆக்கள் குறைவாம், அதனால்தான் வேலையும் இல்லையாம். உண்மையா?

தம்பி, அந்த ‘அதனால்தான்’ இருக்கிறதே, அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2021 கணக்கெடுப்பில் தீவின் சனத்தொகை 154,331. உங்கள் ஸ்காபரோவில் ஏறத்தாழக் கால்வாசி. அதிலும் பாதிக்கு மேல் கிராமப்புறம். பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, அரசாங்கக் கந்தோர் எல்லாம் தலைநகர் சார்லட்டவுனைச் சுற்றி இருக்கின்றன. பட்டம் பெற்றவர்களும் அங்கேதான் குவிந்திருக்கிறார்கள். மேற்கு முனையில் டிக்னிஷ் பக்கமோ கிழக்கு முனையில் சூரிஸ் பக்கமோ போனால் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் பத்தாம் வகுப்போடு நின்றவர்களைத் தேடி அலையத் தேவையில்லை.

ஏன் நின்றார்கள்? பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. இலவசக் கல்விச் சட்டம் 1852-இலேயே இங்கே வந்துவிட்டது. ஆனால் ஊருக்கு ஊர் ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். அப்படி நானூறுக்கும் மேற்பட்ட குட்டி வட்டாரங்கள். அவற்றைச் சேர்த்து ஐந்து பிராந்திய சபைகளாக்கியது 1972-இல்தான். 1969-இல் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசும் தீவு அரசும் கையெழுத்திட்ட பதினைந்து வருட அபிவிருத்தித் திட்டத்தின் ஒரு பகுதி அது. என் வகுப்பில் வந்து இருக்கும் வயதானவர்களில் சிலர் அந்த ஒற்றை அறையில் அகரம் எழுதியவர்கள்.

அதைவிடப் பெரிய காரணம் மே மாதம். பதினாறு வயதுப் பையனை அப்பாவின் சிங்கறால் படகு கூப்பிடுகிறது, கையில் காசு வருகிறது. ஜூன் பரீட்சைக்கு யார் நிற்பார்? ஒருத்தர் என் வகுப்புக்கு வந்தார், 54 வயது. இரைக்கும் எண்ணெய்க்கும் எவ்வளவு போகும், இரண்டு உதவியாட்களுக்குக் கொடுத்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று வாயாலேயே சொல்லிவிடுவார். அதே கணக்கைத் தாளில் பின்னமாக எழுதிக் கொடுத்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். கணக்கெடுப்பில் இவர் ‘சான்றிதழ் இல்லாதவர்’.

மறுபக்கம், பட்டம் எடுத்த பிள்ளை கல்கரிக்கோ ரொறன்ரோவுக்கோ போய்விடுகிறது. அந்தப் பிள்ளையைப் படிப்பித்தது தீவு, ஆனால் புள்ளிவிபரத்தில் ஏறுவது அல்பேர்ட்டாவின் அல்லது ஒன்ராறியோவின் கணக்கில்.

கேள்வி: வருஷம் முழுக்க வேலை இல்லை என்றால் சனம் எப்படிச் சீவிக்கிறது?

ஒரு குடும்பத்தின் வருஷத்தைச் சொல்கிறேன், விளங்கும். ஏப்ரல் முடிவில் சிங்கறால் கூடுகள் கடலுக்குப் போகும். முதல் நாள் விடியற்காலையில் துறைக்குப் போய்ப் பாருங்கள்: ஆள் உயரத்துக்கு மேல் கூடு அடுக்கிய படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும், தாய்மாரும் பிள்ளைகளும் காரை நிறுத்திவிட்டுக் குளிரில் நின்று கை காட்டுவார்கள். ஜூன் முடிவோடு வசந்த சீசன் சரி. தென்மேற்குப் பக்கத்துக்கு மட்டும் ஆகஸ்டில் இருந்து ஒக்டோபர் வரை இன்னொரு சீசன். புருஷன் படகில் நிற்கும்போது மனைவி பக்டரியில் நிற்பார். ஜூலை, ஆகஸ்டில் கவன்டிஷ் பக்கம் உல்லாசப் பயணிகள். வளர்ந்த மகள் அங்கே விடுதியில் அறை துப்புரவாக்குவாள். செப்டெம்பர், ஒக்டோபரில் உருளைக்கிழங்கு. நவம்பரில் எல்லாம் அடங்கும். பிறகு ஏப்ரல் வரை ஈ.ஐ., அதாவது வேலையில்லாத காலத்துக் காப்புறுதிப் பணம்.

ஆகவே ‘இவர் என்ன வேலை செய்கிறார்?’ என்று இங்கே கேட்டால் போதாது, எந்த மாதத்தில் என்றும் கேட்க வேண்டும்.

கேள்வி (பிரம்டனில் இருந்து): குறை நினைக்காதீர்கள் மாஸ்டர். எங்கள் வரிக்காசில் ஆறு மாதம் வீட்டில் இருக்கிற ஆக்கள்தானே அவர்கள்?

குறை நினைக்கவில்லை, இதைக் கேட்காதவர் இல்லை. ஈ.ஐ. என்பது தொழிலாளியும் முதலாளியும் கட்டும் காப்புறுதி. கிடைப்பது சராசரிச் சம்பளத்தில் 55 வீதம், அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. தகுதி பெற 420 மணித்தியாலத்தில் இருந்து 700 வரை வேலை செய்திருக்க வேண்டும். எத்தனை என்பது நீங்கள் வசிக்கும் பிராந்தியத்தின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்தது. கிழவர்கள் இன்னும் ‘ஸ்டாம்ப் சேர்க்கிறது’ என்றுதான் சொல்வார்கள்; வாரக்கணக்கில் எண்ணிய காலத்துப் பேச்சு அது.

2014 வரை தீவு முழுவதும் ஒரே பிராந்தியம். அதை இரண்டாகப் பிரித்தார்கள்: சார்லட்டவுனும் சுற்றுப்புறமும் ஒன்று, மற்ற இடம் எல்லாம் ஒன்று. நீங்கள் வேலை செய்யும் இடத்தை அதில் பார்ப்பதில்லை, குடியிருக்கும் விலாசத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரே பக்டரியில், ஒரே மேசையில் எதிரெதிரே நின்று இறைச்சி எடுக்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மணித்தியாலம் போதும், மற்றவளுக்குப் போதாது. என் பழைய மேசையில் அப்படி இருவர் இருந்தார்கள். நல்ல சிநேகிதிகள், அந்தக் கதை வந்தால் மட்டும் இருவரும் பேசாமல் கத்தியைத் தீட்டுவார்கள்.

2013-இல் வந்த விதிகள் அடிக்கடி ஈ.ஐ. எடுப்பவர்களைத் தனி வகுப்பாக்கின. சில வாரங்களுக்குப் பிறகு, பழைய சம்பளத்தில் 70 வீதம் கிடைத்தாலும் வேலையை ஏற்க வேண்டும் என்றார்கள். பெப்ரவரியில் டிக்னிஷில் எந்த வேலையை ஏற்பது? தீவில் ஊர்வலம், கூட்டம் எல்லாம் நடந்தது. 2016-இல் அந்த வகுப்புப் பிரிப்பை எடுத்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். சீசனும் ஈ.ஐ.யும் ஒன்றோடொன்று பொருந்திப் போனதால், குளிர்காலத்தில் திறக்கும் தொழிலைத் தொடங்க முதலாளிமாருக்கு அவசரம் இருக்கவில்லை. அதற்கு அந்த இரண்டு சிநேகிதிகளும் என்ன செய்வார்கள்?

கேள்வி (மொன்டேகில் இருந்து ஓர் அக்கா): மகனுக்கு பதினாறு. கூட்டாளியின் அப்பாவின் படகில் போகப் போகிறானாம், படிப்பு வேண்டாமாம்.

அக்கா, படகில் போகட்டும், சனிக்கிழமைகளில். முழுநேரமாக விடாதீர்கள். அவனுடைய கூட்டாளிக்கு அப்பாவின் உரிமம் இருக்கிறது, உங்கள் மகனுக்கு இல்லை. வித்தியாசம் அங்கேதான். சிங்கறால் உரிமங்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது, புதிதாகக் கொடுப்பதில்லை. ஒருவர் விட்டால்தான் இன்னொருவர் வாங்கலாம். உரிமமும் படகும் சேர்ந்து பல லட்சம் டொலர். உரிமக்காரரே படகில் நின்று பிடிக்க வேண்டும் என்பதும் விதி. உங்கள் மகன் நாற்பது வயதிலும் இன்னொருவரின் உதவியாளாகவே நிற்கக்கூடும்.

உருளைக்கிழங்கு அறுவடைக்குச் சில உயர்நிலைப் பள்ளிகள் இலையுதிர் காலத்தில் விடுமுறை விட்ட வழக்கமும் இங்கே உண்டு. இயந்திரத்தின் மேலே நின்று, ஓடும் பட்டியில் வரும் கிழங்குக்குள் இருந்து கல்லையும் செம்மண் கட்டியையும் பொறுக்கி எறிகிற வேலை. இரண்டு கிழமை நின்ற பிள்ளைகளில் பலர் தாங்களாகவே புத்தகத்தைத் தேடி வந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனுக்கும் அது ஒரு நல்ல மருந்து.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் ஹொலண்ட் கொலிஜில் வெல்டிங், மின்சாரம், சமையல் என்று எதையும் படிக்கலாம். இப்போது விட்டுவிட்டு முப்பதில் திரும்பி வந்தாலும் வழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான பழைய ஜி.இ.டி. சோதனை 2024-இல் கனடாவில் நின்றுவிட்டது, அதற்குப் பதில் சி.ஏ.இ.சி. வந்திருக்கிறது. ஆனால் முப்பதில் பிள்ளைகுட்டியோடு இரவு ஏழு மணிக்கு என் வகுப்புக்கு வருவது எவ்வளவு கஷ்டம் என்பதைத் தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன்.

கேள்வி: பட்டதாரிக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் தரும் வேலை எங்கே?

அரசாங்கம், ஆஸ்பத்திரி, படிப்பு. முன்னாள் படைவீரர் விவகார அமைச்சின் தலைமையகம் சார்லட்டவுனில் இருக்கிறது. ஒட்டாவா வட்டாரத்துக்கு வெளியே தலைமையகம் உள்ள மத்திய அமைச்சு அது ஒன்றுதான். சமர்சைட் விமானப்படைத் தளத்தை மூடப்போவதாக 1989-இல் அறிவித்த பிறகு, ஈடாக மத்திய வரி மையம் ஒன்றை அங்கே வைத்தார்கள். பழைய தளத்தில் இப்போது விமானப் பழுதுபார்ப்பு நடக்கிறது. பல்கலைக்கழகம் 1969-இல் இரண்டு கல்லூரிகளை இணைத்து வந்தது. அதனுள் மிருக வைத்தியக் கல்லூரி 1986-இல் இருந்து இருக்கிறது, 2025-இல் மருத்துவ பீடமும் திறந்தாயிற்று. மருந்து, உயிரியல் கம்பனிகளும் உண்டு. தாதியர் என்றால் யோசிக்காமல் விண்ணப்பியுங்கள். மத்திய அரசு வேலைக்குப் பிரெஞ்சு தெரிந்தால் பாதிக் கதவு திறந்த மாதிரி.

கேள்வி (இந்தியாவில் இருந்து ஒரு தங்கை): அங்கே டிப்ளோமா படித்தால் நிரந்தர வதிவிடம் லேசாகக் கிடைக்கும் என்று முகவர் சொல்கிறார்.

அவர் பழைய கதை சொல்கிறார் தங்கச்சி. 2024 பெப்ரவரியில் மாகாணம் நிரந்தர வதிவிடத்துக்குக் கொடுக்கும் பரிந்துரைகளைக் குறைத்து, சுகாதாரம், கட்டட வேலை, குழந்தைப் பராமரிப்புக்கு முன்னுரிமை கொடுத்தது. கடையிலும் உணவகத்திலும் வேலை செய்துகொண்டிருந்த பிள்ளைகள் மே மாதத்தில் சார்லட்டவுனில் உண்ணாவிரதம் இருந்தார்கள், பெரும்பாலும் இந்தியப் பிள்ளைகள். காசு கட்ட முதல் இதை முகவரிடம் கேளுங்கள்.

கேள்வி: போர்டன் பக்கம் வீடு மலிவாம். வாங்கலாமா?

ஏன் மலிவு என்று பாருங்கள். அது கப்பல் துறை ஊர். 1997-இல் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் 12.9 கிலோமீற்றர் பாலம் திறந்த அன்றோடு கப்பல் வேலை முடிந்தது. பிறகு அங்கே உருளைக்கிழங்குப் பொரியல் செய்த மக்கேன் பக்டரியும் 2014-இல் மூடிவிட்டது. சமர்சைட்டுக்குத் தினமும் கார் ஓட்டச் சம்மதம் என்றால் வாங்கலாம்.

கேள்வி: குடும்பத்தோடு ஒருமுறை வந்து பார்க்க எந்த மாதம் நல்லது மாஸ்டர்?

எல்லோரும் ஜூலை என்பார்கள், நான் பெப்ரவரி என்பேன். கவன்டிஷில் பலகை அடித்து மூடிய கடைகளையும், சூரிஸில் படகுகள் கரையில் ஏறி நிற்பதையும் பார்த்த பிறகும் உங்கள் மனைவிக்கு இடம் பிடித்தால் சரி. பாலத்தால் வாருங்கள், நோவா ஸ்கோஷியாவுக்குப் போகும் வூட் ஐலண்ட்ஸ் கப்பல் அப்போது ஓடாது. காருக்குப் பாலக் காசு இப்போது 20 டொலர், 2025 ஓகஸ்டில் குறைத்தது. அதுவும் தீவுக்குள் வரும்போது கேட்க மாட்டார்கள், வெளியே போகும்போதுதான் வாங்குவார்கள்.