தலை தட்டையா? முதலில் கழுத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு மூன்று மாதம். பின்தலை வலப்பக்கம் தட்டையாகி வருகிறது. எந்நேரமும் வலப்பக்கமே திரும்பிப் படுக்கிறாள். எண்ணெய் தேய்த்து உருட்டினால் சரியாகிவிடும், கடுகுத் தலையணை வை என்கிறார் மாமியார். செய்யலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: இரண்டும் வேண்டாம். கையால் அழுத்தி மண்டையோட்டை உருண்டையாக்க முடியாது. தலையணை கடுகோ பஞ்சோ, மூச்சடைக்கும் ஆபத்து ஒன்றுதான். தலையை வடிவாக்கும் என்று விற்கும் தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என 2022-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் எச்சரித்தது.

பார்க்க வேண்டியது கழுத்தை. காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை, பக்கத்துக்கு ஒன்றாக ஒரு தசை ஓடுகிறது. இடப்பக்கத் தசை இறுகியிருந்தால் முகம் வலப்பக்கம் திரும்பும், தலை இடது தோள் பக்கம் சாயும். பாரம் ஒரே இடத்தில் விழ விழ, இளம் மண்டையோடு அங்கே தட்டையாகும். தட்டையான பிறகு, நேராகப் படுக்க வைத்தாலும் தலை அந்தப் பக்கமே சரியும்.

மல்லாக்கப் படுக்கவைத்து, கிலுகிலுப்பையை முகத்துக்கு ஒரு அடி உயரத்தில் ஆட்டியபடி மெல்ல இடப்பக்கம் கொண்டுபோங்கள். கண் மட்டும் வந்து தாடை பாதியில் நின்றாலும், தலையோடு சேர்ந்து உடம்பே உருண்டாலும் கழுத்தில் இறுக்கம் இருக்கலாம்.

நீட்டும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை நேரில் பழகிக்கொள்ளுங்கள். ஒருவர் குழந்தையின் தோள்களை லேசாகப் பிடிக்க, மற்றவர் தாடையை இடது தோள் நோக்கித் திருப்பி 30 நொடி நிறுத்த வேண்டும். அடுத்து, முகம் நேராக இருக்க, வலது காதை வலது தோள் பக்கம் சாய்த்து அதேபோல 30 நொடி. மூன்று மூன்று முறை. டயப்பர் மாற்றும்போதெல்லாம் செய்தால் மறக்காது. குழந்தை எதிர்த்து இழுத்தால் விட்டுவிடுங்கள். மல்லுக்கட்டினால் தசை இன்னும் இறுகும். முகம் வெளுத்தாலோ மூச்சு மாறினாலோ உடனே நிறுத்துங்கள்.

தூக்குவதிலேயே பாதி வேலை முடியும். குழந்தையின் முதுகு உங்கள் நெஞ்சில், அதன் இடப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கைவசமாகப் பிடியுங்கள். உங்கள் இடது முன்கை அதன் இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கட்டும். வலது கை கால்களுக்கிடையே போய் வயிற்றைத் தாங்கட்டும். முன்கையைச் சற்றே உயர்த்தினால் இறுகிய தசை நீளும். இப்படியே வீட்டுக்குள் நடக்கலாம்.

விழித்திருக்கும்போது, பக்கத்தில் நீங்கள் இருக்க, குப்புறக் கிடத்துங்கள். 3 நிமிடத்தில் தொடங்கி, பல தடவையாகப் பிரித்து, நாளுக்கு மொத்தம் ஒரு மணி நேரம் வரை போகலாம். அழுதால் மார்புக்கடியில் சுருட்டிய துண்டு வையுங்கள். உங்கள் நெஞ்சின்மேல் கிடத்தினாலும் கணக்குதான். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான்.

இரவில் நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்களோ, குழந்தை அந்தப் பக்கம்தான் திரும்பும். ஆகவே நீங்கள் அவளுக்கு இடப்பக்கம் இருங்கள். தூளியையும் குறையுங்கள், துணி தலையைச் சுற்றி அணைத்துக்கொள்வதால் கழுத்து தாராளமாகத் திரும்பாது.

கேள்வி: எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உச்சியிலிருந்து பாருங்கள். படுக்கையால் வந்த தட்டை என்றால், தட்டையான பக்கத்துக் காதும் நெற்றியும் சற்று முன்தள்ளியிருக்கும். அந்தக் காது பின்னுக்குப் போயிருந்தாலோ, மண்டையோட்டு எலும்புகள் சேரும் இணைப்பில் மேடு தட்டுப்பட்டாலோ, தலைச்சுற்றளவு வளராவிட்டாலோ இணைப்பு முன்கூட்டியே மூடியிருக்கலாம். அது பயிற்சியால் தீராது. குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்து இறுகிய குழந்தைக்கு இடுப்பு மூட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்து வருவதுண்டு.

கேள்வி: ஏழு மாத மகனுக்குத் தலைத் தட்டையைச் சரிசெய்யும் ஹெல்மெட் போடச் சொல்கிறார்கள். அவசியமா?
– வாசகி, மதுரை

பதில்: நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஹெல்மெட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இரண்டு வயதில் தலை வடிவத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கழுத்து இறுக்கமுள்ள குழந்தைகளும், மிகக் கடுமையான தட்டை உள்ளவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எனவே கழுத்து முழுதாகத் திரும்புகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போடுவதானால் தலை வேகமாக வளரும் இந்த வயதிலேயே போட வேண்டும், நாளுக்கு 23 மணி நேரம். நம் வெயிலில் வியர்த்துத் தோல் புண்ணாகும். தினமும் கழற்றும்போது பாருங்கள். சிவப்பு ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் மறையாவிட்டால் ஹெல்மெட் அழுத்துகிறது என்று பொருள். சரிசெய்து வாங்கும்வரை போடாதீர்கள்.