வேக்ஸிங்குக்குப் பிறகு முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்வதை எப்படித் தடுப்பது?

காலில் வேக்ஸிங் செய்த பத்தாம் நாளிலிருந்து பருப்போலப் புடைப்புகள் வருகின்றன, உற்றுப் பார்த்தால் உள்ளே முடி சுருண்டு கிடக்கிறது, தை மாதம் தங்கையின் திருமணம், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லள்; திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் துணியின் தரம் பார்ப்பவள். பார்லர்களில் 'இன்குரோத்' என்று சொல்லும் இந்தத் தொல்லையைச் சில ஆண்டுகள் பட்டு, அதில் பாதியை நானே வரவழைத்துக்கொண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

வேக்ஸ் முடியை வேரோடு எடுத்துவிடும் என்று நம்புகிறோம். சரியாக இழுத்தால் அப்படித்தான் வரும். முடி மிகக் குட்டையாக இருந்தாலோ, இழுக்கும் கோணம் பிசகினாலோ, அது தோல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒடிந்து நின்றுவிடுகிறது. ஒடிந்த முனை கூராக இருப்பதால், வளரும்போது துளை வழியாக வெளியே வராமல் பக்கவாட்டில் குத்திக்கொண்டு தோலுக்குள் போய்விடும். வேரோடு வந்த இடத்திலும் கவலை முழுதாகத் தீர்வதில்லை. புதிதாக முளைப்பது மெல்லிய முடி, துளையின் வாயை இறந்த தோல் அடைத்திருந்தால் அதை முட்டித் திறக்க வலுவில்லாமல் உள்ளேயே மடங்கிக்கொள்கிறது. உடம்பு அதை வெளியிலிருந்து வந்த பொருளாக எண்ணி எதிர்ப்பதால்தான் சிவப்பும் வீக்கமும். சுருட்டை முடி உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும்.

ஆகவே பாதிக் காரியம் பார்லரிலேயே முடிவாகிவிடுகிறது. முடி ஓர் அரிசி மணியின் நீளமாவது, அதாவது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர், வளர்ந்திருக்க வேண்டும். நான் முன்பு போய்க்கொண்டிருந்த இடத்தில் எந்த நீளத்தில் போனாலும் திருப்பி அனுப்பமாட்டார்கள். வராத முடிக்காக ஒரே இடத்தில் மூன்று முறை வேக்ஸ் தடவி இழுப்பார்கள். இப்போது போகும் இடத்து அக்கா காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பத்தாது கண்ணு, இன்னும் ஒரு வாரம் வளரோணும், அப்புறம் வா" என்று அனுப்பிவிடுவார். அவர் முடி சாய்ந்திருக்கும் போக்கிலேயே வேக்ஸைத் தடவி, ஒரு கையால் தோலை இறுகப் பிடித்துக்கொண்டு, பட்டையை மேலே தூக்காமல் தோலோடு ஒட்டினாற்போல எதிர்ப்பக்கமாக ஒரே இழுப்பில் உரிக்கிறார். உரித்த பட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் (துணியில் குறை தேடும் கண்ணுக்கு இது பழக்கம்). வேரோடு வந்த முடியின் அடியில் சிறு குமிழ் தெரியும். குமிழில்லாமல் வெட்டினாற்போல் இருப்பவையே அதிகம் என்றால், அடுத்த முறை வேறு பார்லர் பார்ப்பது நல்லது. இடையில் ரேசர் போடுவதையும் விட்டுவிடுங்கள்; அதுவும் முடியைக் கூராக்கித்தான் விடுகிறது.

முதல் இரண்டு நாள்கள் சுடுதண்ணீரும், உடற்பயிற்சி வியர்வையும், வாசனை லோஷனும், இறுக்கமான உடையும் வேண்டாம். நாங்களே ஆயிரக்கணக்கில் தைத்து அனுப்பும் லெக்கிங்ஸை அணியாதீர்கள் என்று நானே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் லைக்ரா கலந்த துணி காலோடு ஒட்டி நின்று ஒவ்வோர் அடிக்கும் உராய்கிறது; முளைக்கும் முடியையும் தோலோடு சேர்த்து அழுத்துகிறது. தளர்ந்த பருத்திப் பேன்ட்டோ பாவாடையோ போதும்.

நான் செய்த பெரிய தவறு தேய்ப்பதில்தான். இறந்த தோலை எடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, வேக்ஸிங் செய்த மறுநாளே எங்கள் வேலியில் காய்ந்து தொங்கிய பீர்க்கங்காய்க் கூட்டை எடுத்து, உலர்ந்தபடியே முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தேய்த்தேன். போதாததற்கு, புடைப்புகளை ஊக்கால் கிளறினேன். நம்முடைய நிறத்தில் தோல் புண்பட்டால் அந்த இடம் கறுத்துவிடும். அந்தத் தழும்புகள் மங்க எனக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. அதே பீர்க்கங்காய் நாரைத் தண்ணீரில் ஊறவைத்து நன்கு துவண்ட பிறகு, மூன்றாம் நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் தீங்கில்லை. தேய்ப்பதே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 2% சாலிசிலிக் அமிலமோ லாக்டிக் அமிலமோ கலந்த லோஷன் உண்டு. அதையும் எரிச்சல் அடங்கிய பிறகே தொடங்க வேண்டும், தேய்த்த நாளில் போடக்கூடாது, கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஈரப்பதத்தை நம் பகுதியில் பலர் மறந்துவிடுகிறோம். போர் தண்ணீரின் உப்பும் சோப்பும் சேர்ந்து தோலில் படிந்துவிடுகின்றன. மார்கழிப் பனியில் கால் சாம்பல் பூத்தாற்போல் ஆகிறது. வறண்டு தடித்த தோலை மெல்லிய முடி எப்படித் துளைக்கும்? குளித்து ஈரம் முழுதும் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை நாள்தோறும் பூசுங்கள். காங்கேயம் தேங்காய் எண்ணெயே போதும் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். பலருக்கு ஒத்துக்கொள்கிறது, எனக்கு அது துளைகளை அடைத்துக் கொப்புளமாக்கியது.

இப்போதிருக்கும் புடைப்புகளின் மேல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வையுங்கள். முடியின் வளைவு வெளியே தெரிந்தால் சுத்தமான ட்வீஸரால் நுனியை மட்டும் விடுவியுங்கள். பிடுங்கினால் பழைய கதையே திரும்பும். சீழ் பிடித்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும், பருவுக்கு ரெட்டினாய்டு வகை மருந்து எடுப்பவர்களும் வேக்ஸிங்குக்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

திருமணத்தைப் பொறுத்தவரை, புடைப்புகள் அடங்கும்வரை அந்த இடத்தில் வேக்ஸ் படவே வேண்டாம். அடங்கிவிட்டால் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு செய்துகொள்ளுங்கள். முதல்நாள் மாலை செய்தால் சிவந்த காலோடு மறுநாள் முழுதும் பட்டுப் புடவையின் உராய்விலும் வியர்வையிலும் நிற்க நேரிடும்.