வயிற்றுக்குள் கேமரா விடச் சொன்னால்: காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை

வயிறு, குடல் பரிசோதனைகள் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவற்றை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பரிசோதனை தேவையில்லாதவர் காசைக் கொட்டுவதும், கட்டாயம் தேவைப்படுபவர் கூச்சத்தில் தள்ளிப்போடுவதும் இந்தக் கடிதங்களில் மாறி மாறித் தெரிகின்றன. இரண்டாவதுதான் எங்களுக்கு அதிகக் கவலை.

கேள்வி: வயது 34. மூன்று வாரமாக நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், புளித்த ஏப்பம். பக்கத்து ஸ்கேன் சென்டரில் வயிறு ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்துத் தள்ளுபடியில் பேக்கேஜ் தருகிறார்கள். கட்டிவிடலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

கட்டாதீர்கள். முதலில் ஒரு டாக்டரிடம் வயிற்றைக் காட்டுங்கள். எந்தப் பரிசோதனை வேண்டும் என்று அவர் எழுதித் தரட்டும்.

வயிறு ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரியும், கல்லீரலில் கொழுப்பு தெரியும். இரைப்பையின் உள்சுவரில் இருக்கும் புண் தெரியாது. ‘ஸ்கேன் நார்மல், அதனால் அல்சர் இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். புண்ணைப் பார்க்க, வாய் வழியாகக் கேமரா விடும் எண்டோஸ்கோப்பிதான் வழி. ஆனால் உங்கள் வயதில், எரிச்சலைத் தவிர வேறு தொந்தரவு இல்லையென்றால், பெரும்பாலும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சில வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று மலத்திலோ மூச்சிலோ சோதிப்பார்கள். இந்தச் சோதனைக்கு 2 வாரம் முன்பே அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல் வகை மாத்திரையையும், 4 வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். பேக்கேஜில் ரத்தத்தில் பார்க்கும் பைலோரி டெஸ்ட் இருந்தால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். என்றோ வந்துபோன கிருமிக்கும் அது பாசிட்டிவ் காட்டும்.

இன்னொன்று. மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ மெடிக்கலில் ‘ஒரு செட் மாத்திரை கொடுங்க’ என்று வாங்கிப் போடும் பழக்கம் உண்டா? அந்தச் செட்டில் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை இருக்க வாய்ப்பு அதிகம். வயிற்றுப் புண்ணுக்கு அது ஒரு முக்கியக் காரணம். டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சாப்பாடு தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்குகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, ஓயாத வாந்தி, ரத்த சோகை, 60 வயதுக்கு மேல் புதிதாக வந்த வயிற்றுத் தொந்தரவு: இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரையோடு காலம் தள்ளாமல் எண்டோஸ்கோப்பி பார்த்துவிட வேண்டும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே, எந்த நேரமானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். நெஞ்செரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், கை வலி சேர்ந்தால் முதலில் இ.சி.ஜி.; வயிற்றை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. ஒரு வருடமாக மலத்தோடு ரத்தம் போகிறது. மூலம் என்று சொல்லி மெடிக்கலில் களிம்பு வாங்கிப் போடுகிறார். சுவர் விளம்பரத்தில் பார்த்த ‘ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம் குணம்’ டாக்டரிடம் போகப்போகிறாராம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வெட்கப்படுகிறார். (நெல்லிக்குப்பம்)

அவரை இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

மூலமாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் முடியும். ஆனால் மூலம் இருக்கும் ஒருவருக்குக் குடலில் கட்டியும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது. 58 வயதில் ஒரு வருடமாக ரத்தம் போகிறது என்றால், உள்ளே பார்க்காமல் யாரும் அதை மூலம் என்று முடிவுகட்டக் கூடாது. மலம் போகும் பழக்கம் மாறியிருக்கிறதா, மலம் மெலிந்து போகிறதா, எடை குறைந்திருக்கிறதா, நடந்தால் களைக்கிறதா என்று அம்மாவிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அப்பா உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்லியிருப்பார்.

டாக்டர் முதலில் விரலால் ஆசனவாயைச் சோதிப்பார். அரை நிமிட வேலை. இதற்கென்று எந்தக் கருவியும் தேவையில்லை. அதைச் செய்யாமலே களிம்பு எழுதும் இடத்தில் நிற்காதீர்கள். பிறகு ஹீமோகுளோபின், கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது). கண்ணுக்கே ரத்தம் தெரியும்போது, மலத்தில் மறைந்த ரத்தத்தைத் தேடும் டெஸ்ட்டுக்குக் காசு கட்டுவது வீண்.

எங்கே போவது? மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசுத் தலைமை மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை ஓ.பி.யில் தொடங்கலாம். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. குடல் நோய்க்கு மருந்துப் பிரிவும் அறுவைப் பிரிவும் அங்கே தனித்தனியாக உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் உள்ளூர் டாக்டரின் கடிதத்தையும் ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோய், ‘ஒரு வருடமாக ரத்தம்’ என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். அவசரம் எது என்று பிரிக்க அந்தச் சீட்டு உதவும்.

சுவர் விளம்பரக்காரரிடம் பட்டப்படிப்பும் பதிவு எண்ணும் கேளுங்கள். ஊசி போட்டு மூலத்தைக் கரைப்பதாகச் சொல்லும் இடங்களில் என்ன மருந்து ஏற்றுகிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. புண்ணாகி, ஆசனவாய் சுருங்கி, கடைசியில் அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்பவர்கள் உண்டு. சட்டமும் ஒன்று சொல்கிறது: வயிறு, குடல் புண்ணைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருந்துகள் சட்டப்படி தடை.

கேள்வி: கொலோனோஸ்கோப்பிக்குப் புதுச்சேரியில் இரண்டு தனியார் மருத்துவமனைகளில் விசாரித்தேன். ஒன்று சொன்னதைவிட மற்றது ஏறக்குறைய இரண்டு மடங்கு. குறைந்த விலைக்குப் போகலாமா? (அரியாங்குப்பம்)

இரண்டு தொகையும் ஒரே பொருளுக்குத்தானா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ஒரு இடத்தில் சொன்னது டாக்டர் கட்டணமும் அறை வாடகையும் மட்டும். மயக்க மருந்து டாக்டர், முன்கூட்டி எடுக்கும் ரத்தப் பரிசோதனைகள், குடல் கழுவும் மருந்து, சதை எடுத்தால் அதைச் சோதிக்கும் பயாப்ஸி கட்டணம், சிறு கட்டி தெரிந்தால் அதை வெட்டி எடுக்கும் செலவு எல்லாம் பில் போடும்போது தனித்தனியாக ஏறும். ‘கடைசியில் அதிகபட்சம் எவ்வளவு ஆகும், இதில் எது சேராது’ என்று தாளில் எழுதி வாங்குங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

கட்டி பற்றிய கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். கொலோனோஸ்கோப்பியின் பெரிய லாபமே, பிற்பாடு புற்றுநோயாக மாறக்கூடிய சிறு கட்டியைப் பார்த்த கையோடு எடுத்துவிடலாம் என்பதுதான். ‘சின்னதாக இருந்தால் அன்றைக்கே எடுப்பீர்களா, இன்னொரு நாள் வரச் சொல்வீர்களா?’ இன்னொரு நாள் என்றால் இன்னொரு முறை பேதி மருந்து, இன்னொரு முறை மயக்கம், இன்னொரு பில். சம்மதப் படிவத்தில் அதற்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்குவார்கள், படித்துவிட்டுப் போடுங்கள். குடலில் ஓட்டை விழும் ஆபத்தும் அதில் எழுதியிருக்கும். வெறும் பார்வைக்கான பரிசோதனையில் அது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. கட்டி வெட்டினால் கொஞ்சம் கூடும்.

விலையைவிட முக்கியமானது ரிப்போர்ட். கேமரா பெருங்குடலின் கடைசி மூலை வரை, அதாவது குடல்வால் திறக்கும் சீக்கம் வரை போயிருக்க வேண்டும். நல்ல ரிப்போர்ட்டில் ‘சீக்கம் வரை பார்க்கப்பட்டது’ என்று எழுதி, அந்த இடத்தின் படமும் ஒட்டியிருக்கும். குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதற்குப் பாஸ்டன் அளவுகோல் என்று ஒரு மதிப்பெண் உண்டு. மூன்று பகுதிக்கும் தலா 3, மொத்தம் 9. ஒவ்வொரு பகுதியும் 2க்குக் குறையாமல் இருந்தால்தான் பார்த்ததை நம்பலாம். கேமராவை வெளியே எடுத்துவரும்போதுதான் டாக்டர் சுவரை உற்றுப் பார்க்கிறார். கட்டி ஒன்றும் இல்லையென்றாலும் அதற்குக் குறைந்தது 6 நிமிடமாவது ஆக வேண்டும். ‘ரிப்போர்ட்டில் இதெல்லாம் எழுதுவீர்களா சார்?’ என்று முன்கூட்டியே கேட்டால், நல்ல இடத்தில் மரியாதையாகப் பதில் சொல்வார்கள்.

என்னைக் கேட்டால், குடல்நோய்க்கென்று டி.எம். அல்லது அதற்கு இணையான படிப்புப் படித்து, வாரத்துக்குப் பலமுறை இதைச் செய்யும் டாக்டர், எழுதித் தந்த பில், முழு ரிப்போர்ட், இந்த மூன்றும் எங்கே கிடைக்கிறதோ அங்கே போவேன். அது குறைந்த விலை இடமாகவும் இருக்கலாம்.

கேள்வி: பண்ருட்டியிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்ச் செய்ய வேண்டும். பேதி மருந்து குடித்துவிட்டு எப்படிப் போவது? என்ன சாப்பிடலாம்?

காலை முதல் ஆளாக நேரம் வாங்காதீர்கள். மருந்தை இரண்டாகப் பிரித்து, பாதி முந்தின இரவும், மீதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடித்தால்தான் குடல் நன்றாகச் சுத்தமாகும். உங்களுக்கு மதியம் நேரம் கிடைத்தால் இரண்டாவது பாதியை விடியற்காலையில் முடித்துவிட்டு, வயிறு அடங்கியபின் கிளம்பலாம். புதுச்சேரியில் உறவினர் வீடு இருந்தால் முந்தின நாளே போய்த் தங்குவது இன்னும் நல்லது.

இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, முழுத்தானியம், கொய்யா, வெண்டைக்காய், விதையுள்ள எதுவும் வேண்டாம். உங்கள் ஊர் முந்திரியும் பலாவும் இந்த மூன்று நாளைக்கு ஓய்வெடுக்கட்டும். வெள்ளைச் சோறு, இட்லி, மோர், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு போதும். முந்தின நாள் வெறும் தெளிந்த திரவம்: இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பாலில்லாத டீ. சிவப்பு, ஊதா நிற ஜூஸ் வேண்டாம். உள்ளே ரத்தம் போலத் தெரியும். கடைசியில் வெளியே போவது கிட்டத்தட்ட தண்ணீராக, லேசான மஞ்சள் நிறத்தில் இருந்தால் தயார் என்று அர்த்தம். அப்போதும் கலங்கலாக இருந்தால் கிளம்புமுன் மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் இவற்றை நீங்களாக நிறுத்தவும் கூடாது, நீங்களாகத் தொடரவும் கூடாது. நாள் குறிக்கும்போதே கேளுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் இருந்தால் எந்தப் பேதி மருந்து என்பதே மாறும். துணைக்கு ஒருவர் கட்டாயம். மயக்க ஊசி போட்டால் அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்தும் போடக் கூடாது.

கேள்வி: அண்ணனுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. எனக்கு 36. ஒரு தொந்தரவும் இல்லை. நான் பார்க்க வேண்டுமா? (பாகூர்)

வேண்டும். கூடப் பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதிலிருந்து 10 கழித்தால் வரும் வயதில், எது முந்தியோ அப்போது முதல் கொலோனோஸ்கோப்பி. உங்களுக்கு அது 38 வயதில். அண்ணன் 60க்குள் பாதிக்கப்பட்டதால், முதலில் ஒன்றும் இல்லையென்றாலும் 5 வருடத்துக்கு ஒருமுறை. அண்ணனின் பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். பரம்பரை வகையாக இருந்தால் 38 வரைகூடக் காத்திருக்கச் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: ஒருநாள் அட்மிட் ஆகி எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி இரண்டும் செய்தேன். எல்லாம் நார்மல். இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கிறது. (கடலூர் முதுநகர்)

பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் கிடையாது என்பது எல்லா பாலிசியிலும் ஒரே வாசகமாக இருக்கும் விலக்கு. ‘அட்மிட் போட்டால் கிளெய்ம் வந்துவிடும்’ என்று கவுன்டரில் சொன்னதை நம்பிச் செய்திருப்பீர்கள். ரத்தப்போக்குக்காகச் சேர்த்துச் சிகிச்சை தந்திருந்தாலோ, கட்டி வெட்டியிருந்தாலோ நிலைமை வேறு; டிஸ்சார்ஜ் சம்மரியில் அது தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வருமான வரிமுறையில் கணக்குக் காட்டுபவரானால், நோய் வருமுன் செய்யும் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. எந்த மருத்துவமனையில் எது சேரும் என்று 1800 425 3993க்குப் பேசிவிட்டு நாள் குறியுங்கள். புதுச்சேரி ரேஷன் கார்டுக்காரருக்கு அது பொருந்தாது. அவர்கள் மத்திய அரசுக் காப்பீட்டுக்கான ஆயுஷ்மான் கார்டைக் கேட்க வேண்டும்.

கேள்வி: பயாப்ஸி ரிப்போர்ட்டையும் படங்களையும் கேட்டால் புதுச்சேரி மருத்துவமனை ஒன்றில் ‘அடுத்த விசிட்டில் பார்க்கலாம்’ என்றே இழுக்கிறார்கள். வேறு டாக்டரிடம் காட்ட வேண்டும். கடலூரிலிருந்து என்ன செய்ய முடியும்?

எழுத்தில் கேளுங்கள், நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. பயாப்ஸிக்கு எடுத்த சதை இருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் சேர்த்துக் கேளுங்கள். இன்னொரு டாக்டரின் கருத்துக்கு வெறும் ரிப்போர்ட்டைவிட அதுதான் பயன்படும்.

தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் முழு இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனைக்கு இது பொருந்தாது. சிகிச்சை புதுச்சேரியில் நடந்தது என்பதற்காக நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை: 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில், சம்மதப் படிவத்தின் நகல், நீங்கள் எழுதிக் கேட்ட கடிதம் மூன்றையும் இன்றைக்கே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.