பார்க்கின்சன் நோய்: குழுப் பயிற்சியில் திரும்பும்போது அப்பாவின் கால் ஒட்டிக்கொள்கிறது, அம்மா கையைப் பிடித்து இழுக்கலாமா?

இழுக்கவே வேண்டாம். இழுத்தால் உடம்பு முன்னே போகும், கால் வராது. இருவரும் சேர்ந்து விழக்கூடும்.

கால் நின்றதும் அப்பாவும் நின்றுவிடட்டும். அப்புறம் உடல் எடையை இடம், வலம் என்று மெதுவாக மாற்றி, அம்மா "ஒன்று, இரண்டு" எண்ண, எதிரே உள்ள கோட்டைத் தாண்டுவதுபோல ஒரு பெரிய அடி. பயிற்சிக்கு முன்பே தரையில் சாக்பீஸால் நாலைந்து கோடு போட்டு வையுங்கள். நின்ற இடத்திலேயே சுழல வேண்டாம், அரைவட்டமாக நடந்து திரும்பட்டும்.

மாலை வகுப்பில் மட்டும்தான் இப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரையின் வேகம் அப்போது இறங்கியிருக்கலாம். ஒரு வாரம் மாத்திரை போட்ட நேரத்தையும் கால் நின்ற நேரத்தையும் குறித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

எழுந்ததும் தலை சுற்றினால் அது வேறு சங்கதி. படுத்திருக்கும்போதும் நின்ற பிறகும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அதுவரை உட்கார்ந்து செய்யும் பயிற்சி போதும்.

கடலூர் வெள்ளிக் கடற்கரை மணலில் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம், சமதரைதான் நல்லது. அம்மாவும் காவலுக்கு நிற்காமல் கூடவே பயிற்சி செய்யட்டும். அவர் முதுகும் தாங்க வேண்டுமே.