கிரவல் றோட்டுக்குக் கிரவல் சைக்கிள்தான் வேணுமா?

கேள்வி: நெடுங்கேணிப் பக்கம் ஆசிரியராக இருக்கிறேன். வயது 46. சனி, ஞாயிறுகளில் ஒட்டுசுட்டான், கற்சிலைமடு, பனங்காமம் போன்ற பழைய ஊர்களைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க ஆசை. ஓகஸ்ட் விடுமுறையில் அப்புத்தளைத் தேயிலைத் தோட்டப் பாதைகளிலும் ஓட எண்ணம். வீட்டில் பழைய 26 அங்குல மவுண்டன் சைக்கிள் ஒன்று சும்மா கிடக்கிறது. வவுனியாவில் ஒரு தரகர், “கிரவல் றோட்டுக்கு இதுதான் சேர்” என்று ஜப்பானில் பாவித்த ‘கிரவல் சைக்கிள்’ ஒன்றைக் காட்டுகிறார். அந்த விலைக்குப் பழைய மோட்டார் சைக்கிளே வாங்கலாம். எடுக்கலாமா?

பதில்: மாஸ்ரர், காசு இன்னும் கைமாறவில்லைத்தானே? நல்லது. முற்பணம் என்று ஐயாயிரம்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்த பிறகு உங்களுக்குக் குறை கண்ணில் படாது.

முதலில் இந்தப் பெயர்க் குழப்பம். நாங்கள் கிரவல் என்று சொல்வது ரிப்பர் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிற சிவப்பு மண். வெளிநாட்டில் அந்தச் சைக்கிளுக்குப் பெயர் வைத்தவர்கள் மனதில் இருந்தது பெரும்பாலும் உடைத்த சல்லி போட்ட பாதை. எங்கள் மண் வெயிலில் கூரைத் தகரம் மாதிரி அலை அலையாக இறுகும். மழையில் களியாகி ரயரில் அப்பும். பெயர் ஒன்று என்பதற்காகச் சாமான் பொருந்திவிடாது. தரகருக்கு இந்தப் பெயர் ஒற்றுமை வாய்த்தது அதிர்ஷ்டம். வளைந்த ஹேண்டில் உள்ள எதையும் இப்போது ‘கிரவல்’ என்று விற்கிறார்கள். அவற்றில் பாதி, தார் றோட்டில் ஓடும் ரேஸ் சைக்கிளுக்குக் கொஞ்சம் தடித்த ரயர் மாட்டியது.

பார்க்கப் போகும்போது பையில் ஒரு பென்சில் கொண்டுபோங்கள். ரயருக்கும் ஃபோர்க்குக்கும் இடையில் இரண்டு பக்கமும் அது தாராளமாகப் போய்வர வேண்டும். பின்சில்லிலும் அப்படியே. போகவில்லை என்றால் முதல் மழைக்கே களி அடைத்துச் சில்லு நின்றுவிடும். நீங்கள்தான் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பீர்கள்.

அடுத்தது ரயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் இலக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில். கடையில் “28 ரயர்” என்று கேட்பீர்கள். அப்பா ஓடிய கறுப்புச் சைக்கிளின் 28 வேறு. அதில் 40-635 என்று இருக்கும். கிரவல் சைக்கிளுக்கு 700 என்று சொல்வார்கள், அதில் 40-622 என்று இருக்கும். முதல் இலக்கம் ரயரின் அகலம், இரண்டாவது ரயர் உட்காரும் றிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். அகலம் ஒன்று, பார்வைக்கும் ஒன்று, ஆனால் றிம்மில் 13 மில்லிமீற்றர் வித்தியாசம். எனக்கு ஒருமுறை கடைக்காரப் பெடியன், “28 எண்டால் 28தான் அண்ணை” என்று 635ஐ மாட்டிவிட்டான். காற்று அடிக்கும்போது ஒரு பக்கம் பிதுங்கியது. கையால் தட்டி உள்ளே தள்ளினான். மாங்குளம் தாண்டமுதல் ரயர் கழன்றது, ரியூப் வெடித்த சத்தத்தில் ஒரு மாட்டுப் பட்டியே கலைந்து ஓடியது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ‘29’ என்று விற்கும் மவுண்டன் சைக்கிள் ரயரின் றிம் அளவும் 622தான். அந்தரத்துக்கு அது கிரவல் சைக்கிள் றிம்மில் ஏறும். ஆனால் அகலம் 50க்கு மேல் என்றால் பெரும்பாலும் ஃபிறேமில் உரசும். அகலம் இடம் கொடுத்தாலும் பென்சில் போகிறதா என்று திரும்பப் பாருங்கள். ரியூப் மட்டும் என்றால் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் சமாளிக்கலாம், ரயரில் அந்த விளையாட்டு வேண்டாம். உங்கள் 26க்கும் இதே கதைதான்: மவுண்டன் சைக்கிளின் 26 என்றால் 559, பெண்கள் ஓடும் சாதாரணச் சைக்கிளின் 26 என்றால் 590. மாறி மாட்டவே முடியாது. ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களில் 590 நிறைய உண்டு. பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள்.

ஃபிறேம் கார்பன் என்றால் ஸ்ரிக்கர் ஒட்டிய இடங்களை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நான் வாங்கிய முதல் ஃபிறேமில் பெடல் அச்சுக்கு மேலே அழகான ஸ்ரிக்கர் ஒன்று இருந்தது. அடியில் தலைமுடி அளவு வெடிப்பு. விற்றவர் பிறகு தொலைபேசி எடுக்கவே இல்லை. அதற்குப் பிறகு பாவித்த கார்பன் என்றால் நான் கிட்டவும் போவதில்லை.

பிரேக் எண்ணெயில் வேலை செய்யும் டிஸ்க் என்றால் இன்னொரு பொறி இருக்கிறது. ஷிமானோ பிரேக்குக்குள் இருப்பது மினரல் ஒயில். எங்கள் மோட்டார் சைக்கிள் கராஜில் கையில் இருப்பது டொட் திரவம். “எல்லாம் பிரேக் ஒயில்தானே” என்று ஊற்றிவிடுவார்கள். உள்ளே இருக்கும் றப்பர் ஊதிக் கெட்டுவிடும், அது தெரியவருவது மலை இறக்கத்தில். கம்பி இழுக்கும் டிஸ்க் என்றால் கிளிநொச்சியிலும் திருத்தலாம், மல்லாவியிலும் திருத்தலாம்.

இப்போது மலை. வன்னியில் மலை இல்லை, உங்கள் பக்கம் ஏற்றம் என்று சொல்லக்கூடியது குளக்கட்டில் ஏறுகிற அந்தப் பத்து அடிதான். ஆனால் வைகாசியிலிருந்து தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று இருக்கிறதே! முல்லைத்தீவுப் பக்கமிருந்து நெடுங்கேணிக்குத் திரும்பும்போது அது நேரே முகத்தில் அடிக்கும். தட்டை நிலத்தில் இரண்டு மணித்தியாலம் மலை ஏறின களைப்பு வரும். அதனால் கியர் உங்களுக்கு இங்கேயும் தேவை.

அப்புத்தளையில் நிலைமை வேறு. தம்பேதென்னத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீற் வரை 7 கிலோமீற்றர், கிட்டத்தட்ட முழுவதும் ஏற்றம். அங்கே கணக்கு ஒன்றுதான்: ஒரு பெடல் சுற்றுக்குச் சைக்கிள் எவ்வளவு தூரம் போகிறது? குறைய என்றால் கால் தப்பும். முன்னால் உள்ள சின்னச் சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள், பின்னால் உள்ள பெரிய சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள், முன்னதைப் பின்னதால் வகுங்கள், வருவதைச் சில்லின் சுற்றளவால் பெருக்குங்கள். உண்மையான கிரவல் சைக்கிளில் 40க்கு 42 என்று இருந்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீற்றர். தரகர் காட்டுவது ரேஸ் சைக்கிள் என்றால் 34க்கு 28 இருக்கும், சுமார் 2.6 மீற்றர். எங்கள் வயதுக்கு அதில் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வீட்டில் கிடக்கும் உங்கள் மவுண்டன் சைக்கிளில் முன்னால் 24, பின்னால் 28 இருந்தால் 1.8 மீற்றருக்கும் குறைவு. அதாவது தூசி படிந்து கிடக்கிறதே, அதுதான் நன்றாக மலை ஏறும்.

ஆகவே என் பதில்: இந்த வருடம் அதையே ஓடுங்கள். செயினும் பின் பல்லுத் தொகுதியும் மாற்றுங்கள், பிரேக் கட்டை மாற்றுங்கள், 559 றிம்முக்கு இரண்டு அங்குலம் அளவில் மொட்டு அதிகம் இல்லாத நல்ல ரயர் இரண்டு போடுங்கள். 70 கிலோ ஆளுக்குக் காற்று 35 இறாத்தல் அளவில் போதும். கல்லாக அடித்துவிட்டு “ஓட்டம் லேசு” என்பார்கள், அது தார் றோட்டுக்குச் சரி. கிரவலில் கை விறைத்துவிடும். எங்கள் உடை முள்ளுக்கு மட்டும் எந்த ரயரும் தப்பாது. ஒட்டுச் சாமானும் கைப் பம்மும் இல்லாமல் வீட்டுப் படலை தாண்டாதீர்கள்.

வழி பற்றியும் ஒரு சொல். ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர், முத்தையன்கட்டுக் குளக்கட்டு, கற்சிலைமடு, இந்த மூன்றும் ஒரு நாள் காலைக்குப் போதும். கற்சிலைமடுவில் 1803 ஒக்ரோபர் 31 என்று கல்லில் வெட்டிவைத்த, ஆங்கிலேயப் படைக் கப்டன் ட்றிபேர்க் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பனங்காமத்துக்கு மாங்குளத்திலிருந்து மல்லாவி, வவுனிக்குளம் என்று போங்கள். மாரியில் வான் பாய்கிற இடத்தைச் சைக்கிளோடு கடக்க வேண்டாம். விடியவும் பொழுதுபடவும் காட்டோர றோட்டு யானைக்கு உரியது.

“காட்டுப் பாதைக்குப் பெர்மிற் எடுத்துத் தாறன்” என்று காசு கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பொது வீதியில் சைக்கிள் ஓட இந்தப் பெர்மிற் தேவையில்லை. காப்புக்காட்டுக்குள் இறங்குவதானால் அந்தக் காட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு நீங்களே போய்க் கேளுங்கள், காசு கட்டினால் ரசீது வாங்குங்கள். எந்த றோட்டு எந்த அலுவலகத்துக்கு உரியது என்று கண்டுபிடிக்கவே ஒரு லீவு நாள் போகும். மாகாணத்தைக் கேட்டால் பிரதேச சபை, சபையைக் கேட்டால் நீர்ப்பாசனம். மதகு உடைந்து மூன்று மாரி போய்விட்டது, திட்டத்தின் பெயர்ப் பலகை மட்டும் வருடம் தவறாமல் புதுசாகிறது.

கண்ணிவெடி விடயத்தில் மட்டும் விளையாட்டு இல்லை. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. அகற்றி முடிக்கக் கொடுத்த காலக்கெடு 2028 யூன் 1. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இருந்தால் படம் எடுக்கக்கூட இறங்காதீர்கள். ஒதுங்கப் போவதானாலும் சில்லுத்தடம் பதிந்த இடத்தை விட்டு விலக வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகும் தரகரின் சைக்கிளில் மனம் கிடக்கிறது என்றால், காசு கொடுக்கமுதல் மூன்று படம் எடுத்து அனுப்புங்கள்: ரயர்ப் பக்கத்து இலக்கம், பின் பல்லுத் தொகுதி, ஃபோர்க்குக்குள் உங்கள் பென்சில். படம் எடுக்க விடமாட்டேன் என்றால் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.